யெய்சனை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா

1

இந்தக் கதையை நானாகத்தான் எழுத ஆரம்பித்தேன், ஆனால் என் போக்கில் விடவில்லை. முதலில் படித்துக் காட்டச் சொன்னார்கள். அப்புறம் இதை எதற்கு எழுதினாய் என்றார்கள். அதற்கும் அப்புறம், எழுது, ஆனால் நாங்கள் சொல்கிறபடி எழுது என்றார்கள். சொன்னவர்கள் பதிப்பாசிரியர்களோ விமர்சகர்களோ அல்ல. வீட்டுக் கூரைகளுக்கு மழைநீர்க் குழாய் மாட்டுகிற டெல்பர்ட், காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடுகிற லோனி, பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெர்னி. மூவருக்கும் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் இந்தக் கதையில் என்னைவிட அதிகம் கை வைத்தவர்கள் அவர்கள்தான்.

எழுதிப் பார்த்த ஆரம்பங்களை மறைக்காமல் கீழே வைக்கிறேன்.

"அந்தக் கோடையில் ஹெரன்ஸ் அணி தோற்றுக்கொண்டிருந்தது." [எந்தக் கோடையில் தோற்கவில்லை? நீக்கினேன்.]

"யெய்சன் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து" [அவன் வானத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை. தரையைத்தான் பார்ப்பான். பொய் வேண்டாம்.]

"ஓர் அணியின் எதிர்காலம் என்பது" [கட்டுரை. சீ.]

சரி, நேராகச் சொல்லிவிடுகிறேன். இண்டியானாவில், ஆற்றோரத்தில், சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊருக்கு ஒரு பேஸ்பால் அணி உண்டு. பெயர் ஹெரன்ஸ். ஹெரன்ஸ் என்றால் நாரைகள். ஒற்றைக்காலில் நிற்கும், மீன் மட்டும் மாட்டாது. பெயர் வைத்தவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெரிய லீகில் இடம் கிடைக்காதவர்களும், கிடைத்துத் தொலைத்தவர்களும் ஆடுகிற சின்ன லீக் எங்களுடையது. இங்கே தருகிற சம்பளத்தில் ஆட்டக்காரர்களால் வாடகை கட்ட முடியாது. அதனால் ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒருவரைக் கோடை முழுக்க வீட்டில் வைத்துக்கொள்வோம். அறை கொடுப்போம், சோறு போடுவோம், குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைக்கச் சொல்வோம். அப்படி பெர்னி வீட்டில் இந்த வருடம் தங்கியவன் யெய்சன். கொலம்பியாக்காரன். மூன்றாம் தளத்தில், அதாவது தேர்ட் பேஸில், நின்று பந்து பிடிப்பவன்.

[கிரிக்கெட்டை மனதில் வைத்துப் படிப்பவர்களுக்கு ஒன்று மட்டும். இந்த ஆட்டத்தில் பத்துத் தடவை மட்டையோடு போய் மூன்று தடவை ஒழுங்காக அடித்தால் ராஜா. இரண்டு தடவை அடித்தால் தலைக்குமேல் கத்தி. யெய்சன் இரண்டுகூட அடிக்கவில்லை.]

2

"டெல்பர்ட் ஒரு கொடூரமான மனிதர்." முதல் பிரதியில் இப்படித்தான் அறிமுகப்படுத்தினேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே.

வில்லனுக்கு வேண்டிய எல்லாம் அவரிடம் இருந்தது. முதல் தளத்துப் பக்கம் எங்கள் நான்கு இருக்கைகள். அவருடையது ஓரத்து இருக்கை. யெய்சன் மட்டையோடு வரும்போதெல்லாம் எழுந்து நின்று, அவனை அனுப்புங்கள் என்று மேனேஜருக்குக் கேட்கும்படி கத்துவார். பக்கத்திலேயே பெர்னி, அவனுக்கு அன்று காலை முட்டை வறுத்துப் போட்டவள், நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

அணியின் எதிர்காலத்துக்கு டெல்பர்ட்டிடம் ஒரு திட்டம் இருந்தது. வயதான பந்துவீச்சாளர்களைக் கிடைத்த விலைக்கு வேறு அணிகளுக்குத் தள்ளிவிட வேண்டும். கல்லூரி முடித்த பையன்களைச் சேர்க்க வேண்டும். மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு தோற்றால் நான்காவது வருடம் கோப்பை. லோனியிடம் வேறு திட்டம் இருந்தது. யாரையும் தொடக் கூடாது, யெய்சன் அடிக்கிற பந்துகள் நல்ல வேகத்தில்தான் போகின்றன, நேராகப் பிடிக்கிறவன் கைக்குப் போவது அவன் துரதிர்ஷ்டம், கணக்குப்படி எல்லாம் சீக்கிரம் சரியாகும் என்பார்.

"உன் கணக்கு இதுவரைக்கும் ஒரு ரன் எடுத்திருக்கா லோனி?" என்பார் டெல்பர்ட்.

இப்படியே மே போனது, ஜூன் போனது. வேர்க்கடலைத் தோல் காலடியில் குவிந்ததுதான் மிச்சம்.

இந்தப் பேச்செல்லாம் எங்களுக்குப் பொழுதுபோக்கு. யெய்சனுக்கு அப்படி அல்ல. அவன் விசா அணியோடு ஒட்டியது. அணி கைவிட்டால் விசாவும் கைவிடும், மூட்டை கட்ட வேண்டும். வயது இருபத்தாறு. ஒருமுறை போனவனை மறுபடி கூப்பிட இந்த நாட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். வேலை போனால் நாடும் போகும் என்று நாளை எண்ணி வாழ்ந்தவள் நான். எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. டெல்பர்ட் கத்தும்போதெல்லாம் இந்த ஆளை எழுதியே பழிவாங்குகிறேன் பார் என்று மனதுக்குள் கருவுவேன்.

ஆனால் வில்லன் நிலைக்கவில்லை. ஜூன் நடுவில் யெய்சனுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. பெர்னிக்கு அன்று பேருந்துப் பயிற்சி. டெல்பர்ட் தன் வேலையைப் போட்டுவிட்டு, ஏணி கட்டிய வண்டியிலேயே அவனைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போய், மதியம்வரை உட்கார்ந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். மாலை ஆட்டத்தில் வழக்கம்போல எழுந்து நின்று அவனை அனுப்பச் சொன்னார். இதென்ன நியாயம் என்று கேட்டேன்.

"பல்லு வேற, பேட்டிங் வேற," என்றார்.

போச்சு என் வில்லன்.

[நான் கதை எழுதுகிறவள் என்பது அவர்களுக்குத் தெரிந்ததும் அன்றுதான். வளர்மதி என்ற பெயர் டெல்பர்ட் வாயில் 'மாட்டி' ஆகிப் பல வருடங்கள் ஆகின்றன. "மாட்டி, அந்தக் கதைல நான் வர்றேனா?" என்றார். வருகிறீர்கள் என்றேன். "தொப்பை வருதா?" அதுவரை வரவில்லை. "அதை எடுத்துடு. கத்துறத வச்சுக்கோ." அன்றிலிருந்து தொப்பையும் கதையில் இருக்கிறது.]

3

இனி என் தவறான முடிவு.

இந்த ஆட்டக்காரர்களிடமும் ரசிகர்களிடமும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பந்துவீச்சாளர் ஒருவர் எதிரணியை ஒரு அடிகூட அடிக்க விடாமல் போய்க்கொண்டிருந்தால், அதை யாரும் வாயால் சொல்லக் கூடாது. சக ஆட்டக்காரர்கள் அவர் பக்கத்தில்கூட உட்கார மாட்டார்கள். சொன்னால் கெட்டுவிடும். நல்லதைச் சொன்னால் கெட்டுவிடும், கெட்டதைச் சொன்னால் நடந்துவிடும். படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் கிடையாது. சேதத்தைச் சல்லிக்காசு பிசகாமல் மதிப்பிடுகிற லோனி, இந்த வருடம் துவைக்காத ஒரு தொப்பியைத்தான் போடுகிறார்.

நான் சமுதாயக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். எனக்கு இதெல்லாம் சிரிப்பு.

ஜூலையில் ஒரு நாள் மழை வந்து ஆட்டம் நின்றது. மைதானத்தின்மேல் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். பொழுது போகாமல் டெல்பர்ட் கதையைப் படித்துக் காட்டச் சொன்னார். நான் ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். என் மண்டையில் என்ன இருந்ததோ, அதையே ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன்.

"யெய்சன் பெர்னியின் காரில் பெட்டியை ஏற்றினான். அணி அவனை விடுவித்த செய்தி ஒரு வரியில் வந்திருந்தது. மூன்றாம் தளத்தில் வேறொருவன் நின்றுகொண்டிருந்தான். ஊரில் யாரும்"

அங்கேயே நிறுத்த வேண்டியதாயிற்று. லோனி வேர்க்கடலையை வாய்க்குக் கொண்டுபோன கையைக் கீழே இறக்கிவிட்டார். பெர்னி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதை எதுக்கு எழுதின?" என்றாள்.

கதைதானே என்றேன்.

மழை விட்டது. ஆட்டம் தொடர்ந்தது. யெய்சன் பக்கம் உருண்டு வந்த ஒரு பந்து, சின்னப் பிள்ளைகூடக் குனிந்து எடுத்துவிடும், அது அவன் இரண்டு காலுக்கும் நடுவில் போனது. அடுத்து மூன்று தளங்களிலும் ஆள் நிற்க, மட்டையோடு வந்தவன் மூன்று பந்துக்கும் காற்றில் மட்டையை வீசிவிட்டு அவுட்டாகித் திரும்பினான். மைதானம் முழுக்க அவனைப் பார்த்தது. என் பக்கத்து மூன்று இருக்கைகள் மட்டும் என்னைப் பார்த்தன.

அதிகம் கோபப்பட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அவனை அனுப்பு அனுப்பு என்று இரண்டு மாதம் கத்தியவர்.

"நான் கத்தினேன். கத்துறது வேற," என்றார் டெல்பர்ட். "நீ எழுதிட்டே."

4

மறுநாள் காலை மூவரும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். மூவரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். முடிவை மாற்று. இல்லை, முடிவே வேண்டாம், இன்றைய ஆட்டத்தை எழுது, அவன் அடிப்பதாக எழுது.

எழுதினேன். ஏன் என்று கேட்காதீர்கள். கால்களுக்கு நடுவில் அந்தப் பந்து போன காட்சி ராத்திரி முழுக்கக் கண்ணில் நின்றது. சமையலறை மேசையில் உட்கார்ந்து, மதியத்துக்குள் ஒரு வரி தட்டினேன். "மூன்றாவது பந்தை யெய்சன் இடது மூலைக்கு அடித்தான்."

மாலை அவன் இரண்டாவது பந்தை வலது மூலைக்கு அடித்தான்.

"பரவால்ல, அச்சுப்பிழை," என்றார் டெல்பர்ட். கண்ணில் தண்ணீர் நின்றது அந்த மனிதருக்கு.

அவ்வளவுதான், நான் மாட்டிக்கொண்டேன். தினமும் காலையில் எழுத வேண்டும். மழைக் குளிருக்கு அன்று போட்டிருந்த அதே கம்பளிச் சட்டையைத்தான் போட வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில், இண்டியானாப் புழுக்கத்தில், கம்பளி. வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

[வாசகரே, நல்லது மட்டும் நடக்கிற கதையை எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? அதைப்போல ஒரு தண்டனை கிடையாது. "அடித்தான்." "மறுபடி அடித்தான்." "இன்றும் அடித்தான்." என் வாழ்க்கையில் இவ்வளவு மட்டமான உரைநடையை நான் எழுதியதில்லை. ஆனால் ஒரு சொல்லை மாற்றப் பயம். ஒருநாள் அலுத்துப்போய் "ஓங்கி அடித்தான்" என்று போட்டுவிட்டு, ஓங்கினால் தவறிவிடுமோ என்று பதறி அழித்தேன். கல்லூரியில் காரணம் வேறு, தற்செயல் வேறு என்று வருடா வருடம் பாடம் எடுக்கிறவள் நான். வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் அழித்தேன்.]

நாரைகள் அப்போதும் தோற்றுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் யெய்சன் அடித்தான். இருக்கைகளில் வாதம் அப்படியே தலைகீழானது. டெல்பர்ட்டின் புதுத் திட்டப்படி யெய்சனை நடுவில் வைத்துத்தான் அணியைக் கட்ட வேண்டும். அவனை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்றுகூடச் சொன்னார். லோனி இப்போது கவலைப்பட ஆரம்பித்தார். இவ்வளவு அடிப்பது கணக்குக்குச் சரியில்லை, இது இறங்கித்தான் ஆகும் என்றார். பெர்னி ஆட்டம் முடிந்ததும் கம்பித் தடுப்போரம் போய் நிற்பாள். அவன் வருவான். அலுமினியத் தாளில் சுற்றிய சாண்ட்விச்சைக் கொடுப்பாள். முன்பும் அப்படித்தான், தோற்றாலும் அடித்தாலும் ஒரே சாண்ட்விச்.

ஆகஸ்ட் நடுவில், மட்டைக்காரர் நிற்கிற இடத்துக்கு நேர் பின்னால் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தார். கடலை தின்னவில்லை. கைதட்டவில்லை. யெய்சன் வரும்போது மட்டும் நிமிர்ந்தார். பெரிய அணி ஒன்று அனுப்பிய ஆள் என்று எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெல்பர்ட் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் பெர்னியைப் பார்த்தேன். அவள் அந்த ஆளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

இந்தப் பகுதியை எழுதலாமா என்று பெர்னியிடம் கேட்டேன். "எனக்குத்தான் உன் பாஷை படிக்கத் தெரியாதே, எழுதிக்கோ," என்றாள். அதனால் எழுதுகிறேன்.

ஒரு காலையில் என் வீட்டுக்கு வந்தாள். சோறு வடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அவள் ஆக்குகிற சோறு கஞ்சிக்கும் களிக்கும் நடுவில் ஒன்று. யெய்சன் மூன்று மாதமாக முகம் சுளிக்காமல் அதைத் தின்றிருக்கிறான். அரிசி களைந்து, தண்ணீர் அளந்து, அடுப்பில் வைத்து மூடினோம். திறந்து திறந்து பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவள் மூடியையே பார்த்தபடி நின்றாள்.

"ஒண்ணு கேட்டா திட்டக் கூடாது."

கேள் என்றேன்.

"அவனைக் கொஞ்சம் கம்மியா அடிக்க விடு."

எனக்குப் புரியவில்லை.

"அடிக்கலன்னா அனுப்பிடுவாங்க. நல்லா அடிச்சா எவனாவது வாங்கிட்டுப் போயிடுவான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கும்ல? அங்க வை அவனை. அடுத்த வருஷமும் வரட்டும்."

இத்தனை வருடங்களில் எத்தனையோ பேர் அவள் வீட்டில் தங்கிப் போயிருக்கிறார்கள். சிலர் பெயரே அவளுக்கு நினைவில்லை. இவன் என்ன விசேஷம் என்று கேட்டேன். யோசித்தாள்.

"மத்தவனுங்க சாப்பிட்டதும் ரூமுக்குப் போயிடுவானுங்க. இவன் போகமாட்டான். நான் குறுக்கெழுத்துப் போடுவேன். பக்கத்துல உக்காந்திருப்பான். பேசக்கூட மாட்டான். அவ்வளவுதான்." பிறகு சொன்னாள், "இது நல்ல ஆசை இல்லன்னு எனக்கும் தெரியும்."

சோறு வெந்துவிட்டது. உதிரி உதிரியாக வந்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. யெய்சனை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று கோடை முழுக்கப் பேசியிருக்கிறோம். பழைய சோபாவைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசியிருக்கிறோம். அவனுக்கு என்ன வேண்டும் என்று நான்கு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. எழுதுகிறவளாவது கேட்டிருக்க வேண்டும். [இந்தக் கதையில் இதுவரை அவன் வாய் திறக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை.] ஆனால் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்ன? மேலே போகத்தான் வந்திருக்கிறான். கடல் தாண்டி வந்தவன் யாராவது நடுவில் இருக்க ஆசைப்பட்டு வருவானா? நான் வந்தேனா?

மறுநாள் எங்கள் லீகில் அணிகளைப் பூட்டுகிற நாள். அன்றோடு சரி, அதற்கப்புறம் சீசன் முடியும்வரை ஆளை எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. யெய்சன் அன்றைய பொழுதைத் தாண்டிவிட்டால் இந்தக் கோடை பெர்னிக்கு முழுசாகக் கிடைக்கும். காலையில் மேசைக்கு வந்தேன். அடிப்பதாக எழுதினால் பெர்னிக்குத் துரோகம். அடிக்கவில்லை என்று எழுதினால் அவனுக்குத் துரோகம். இரண்டுக்கும் நடுவில் எழுத எனக்குத் தெரியவில்லை.

"ஆறாவது இன்னிங்ஸில் யெய்சன்"

அதோடு மூடிவைத்துவிட்டேன். அன்று நான் ஒன்றும் எழுதவில்லை. கம்பளிச் சட்டையும் போடவில்லை.

6

அன்று அவன் ஒரு பந்தை அருமையாக அடித்தான். ஒரு பந்தைக் கேவலமாகக் கோட்டைவிட்டான். மட்டைக்காரருக்குப் பின்னால் அந்த ஆளின் இருக்கை காலியாக இருந்தது. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டாரா, பார்த்தது போதும் என்று கைகழுவிவிட்டாரா, இரண்டுக்கும் காலி இருக்கை ஒன்றுபோலத்தான் இருக்கும். டெல்பர்ட் என் கைகளைப் பார்த்தார். சட்டை எங்கே என்று கேட்கவில்லை. எழுதினாயா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். தலையைப் பிடித்துக்கொண்டார்.

ஆறாவது இன்னிங்ஸில் நாரைகள் பந்து பிடிக்க இறங்கியபோது மூன்றாம் தளத்தில் வேறொருவன் போய் நின்றான்.

அது யாராக இருந்தால் என்ன, எனக்கு முகம் தெரியவில்லை. எங்கள் நால்வர் கண்ணும் டக்அவுட்டுக்குப் போனது. தரைக்குக் கொஞ்சம் கீழே, ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற இடம் அது. யெய்சன் எழுந்து நின்றான். மேனேஜர் அவன் காதில் ஏதோ சொன்னார். பிறகு அவனைக் கட்டிப்பிடித்தார். அடுத்து பந்துவீச்சாளர். அடுத்து இன்னொருவர். வரிசையாக எல்லோரும் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தார்கள்.

இந்த ஆட்டத்தைப் பார்க்கிற யாருக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். ஆட்டத்தின் நடுவில் ஒருவனை எடுத்துவிட்டு எல்லோரும் கட்டிப்பிடித்தால் அவன் போகிறான். எங்கே போகிறான் என்பதுதான் அதில் தெரியாது. பெரிய அணி வாங்கிக்கொண்டாலும் அதே அணைப்பு. அணியிலிருந்து நீக்கிவிட்டாலும் அதே அணைப்பு.

இங்கே உங்களுக்கு இரண்டு முடிவுகள் தருவதாகத்தான் திட்டம். இரண்டையும் எழுதியும் வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: "யெய்சன் பெர்னியின் காரில் பெட்டியை ஏற்றினான். டெக்சஸில் பெரிய அணியின் கிளை ஒன்று அவனுக்காகக் காத்திருந்தது. அம்மாவுக்கு அவன் பேசியபோது அந்தப் பக்கம் தெருவே கூடி"

இரண்டாவது முடிவு: "யெய்சன் பெர்னியின் காரில் பெட்டியை ஏற்றினான். விசா முடிவதற்குள் கிளம்ப வேண்டும். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று அவன்"

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் முதல் வரி கண்ணில் பட்டது. இரண்டும் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், இரண்டும் அவள் காரில்தான் ஆரம்பிக்கின்றன. உங்களுக்கும் எனக்கும் டெல்பர்ட்டுக்கும்தான் இது இரண்டு முடிவு. பெர்னிக்கு ஒன்றே ஒன்று.

அவள் எழுந்துவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கினாள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கம்பித் தடுப்போரம் போய் நிற்கக் கூடாது. காவலர் ஒருவர் தடுக்க வந்தார். கத்துவதற்கென்றே பிறந்த டெல்பர்ட் ஒரு சத்தமும் போடாமல் இறங்கிப் போய் அந்தக் காவலர் தோளில் கைபோட்டு அப்பால் கூட்டிப்போனார். லோனி அந்த நாற்றம்பிடித்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

யெய்சன் தொப்பி இல்லாமல் தடுப்புக்கு வந்தான். அழுதிருந்தான். அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. நல்ல சேதிக்கும் அழுவார்கள்.

"மமா பெர்னி," என்று ஆரம்பித்தான். சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டான்.

அவள் கையை உயர்த்தினாள். பேருந்தில் பிள்ளைகளை உட்கார வைக்கிற அதே கை.

"முதல்ல சாப்பிடு," என்றாள். "அப்புறம் சொல்லு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அது சாண்ட்விச் இல்லை. மூடி போட்ட ஒரு டப்பா, ஒரு கரண்டி. சோறு. அவன் திறந்து பார்த்தான். உதிரி உதிரியாக இருந்தது. ஒரு நிமிடம் அவளைப் பார்த்துவிட்டு, நின்றபடியே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான்.

டெல்பர்ட் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு மேல்மூச்சு வாங்கியது.

"மாட்டி," என்றார் மெதுவாக. "எழுதிடாதே."

நான் எழுதவில்லை. என்னிடம் இருந்த இரண்டு முடிவுகளையும் மேலே போட்டுவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒன்று தோன்றினால் அதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டை வேண்டுமென்றால் அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள். டப்பாவில் இன்னும் பாதிச் சோறு இருக்கிறது. அவள் தடுப்புக் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் மென்றுகொண்டிருக்கிறான்.